பாதி பாட்டில் பிரேக் ஆயில்

போடியிலிருந்து முந்தலுக்குப் போகும் சாலையில், மலை ஏறுவதற்குச் சற்று முன்னால் இடது பக்கம் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ஒன்று எழுதி மாட்டுங்கள் என்று பத்து வருஷமாகச் சொல்கிறேன், எதற்கு என்கிறார். போடிமெட்டுக்குப் போகிற ஜீப்புக்காரர்கள் அத்தனை பேருக்கும் இடம் தெரியுமாம். அவர் என்றால் என் வீட்டுக்காரர் காசிராஜன், வயது நாற்பத்தாறு. ஊருக்குள் பிரேக் காசி என்றால்தான் தெரியும். என்ஜின் வேலை என்று வந்தால் பக்கத்து ஒர்க்‌ஷாப்பைக் கை காட்டுவார். பிரேக் என்று யாராவது சொல்லிவிட்டால் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார். நான் வீரலட்சுமி. கொட்டகையின் முன்பக்கத்தில் லைனிங், ஹோஸ், வாஷர், பிரேக் ஆயில் விற்கும் சின்னக் கடை என்னுடையது.

மனிதருக்கு சிகரெட் இல்லை, சீட்டாட்டம் இல்லை. கார் ரேஸ் பார்ப்பது ஒன்றுதான் பழக்கம். செல்போனில் ரேஸ் ஓடும்போது மற்றவர்கள் யார் முதலில் வருகிறார்கள் என்று பார்ப்பார்கள். இவர் வளைவில் கார்கள் வேகம் குறையும்போது சக்கரத்துக்குள் பிரேக் தட்டு சிவந்து எரிவதைப் பார்ப்பார், நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் என்னிடம் சொன்னார்: "ஒரு ரேஸ் வண்டியோட பிரேக்காச்சும் என் கையால போகணும், லச்சுமி." நான் சிரித்துவிட்டேன். ஏலக்காய் எடுக்கப் போகிற ஜீப்புகளுக்கு லைனிங் ஒட்டுகிற ஆளுக்கு இப்படி ஓர் ஆசையா என்று தோன்றியது. அன்றைக்குச் சிரித்திருக்க வேண்டாம்.

அந்த ரேஸ் வண்டி போன ஆடி மாதம் ஒரு மினி லாரியின் முதுகில் ஏறி எங்கள் கொட்டகைக்கே வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவன் சூர்யபிரகாஷ். ராசிங்காபுரத்துத் தக்காளி விவசாயி ராக்கையாவின் மகன், கோயம்புத்தூரில் வேலை. அங்கே பாண்டித்துரை என்பவர் நான்கு பழைய சின்னக் கார்களை ரேஸுக்குத் தயார் செய்து ஒரு குழு நடத்துகிறார். அதில் ஒரு காரைப் புதியவர்களுக்கான பிரிவில் சூர்யா ஓட்டுகிறான். டிராக்கில் பழகும்போது ஐந்தாவது சுற்றில் பிரேக் இல்லாமல் போய், வண்டி மணலுக்குள் பாய்ந்து நின்றிருக்கிறது. அங்கே இரண்டு பேர் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். சொந்த ஊரில் ஒருத்தர் இருக்கிறாரே என்று ஞாபகம் வந்து கொண்டுவந்துவிட்டான்.

"வாசம் வந்துச்சா?" என்று கேட்டார் இவர்.

"என்ன வாசம்ணே?"

"லைனிங் கருகுன வாசம். மெட்டுல எறங்குறப்ப வருமே, அது."

"வாசமெல்லாம் வரலண்ணே. கால வச்சேன், பெடல் தரைக்குப் போயிருச்சு. விட்டு விட்டு அமுக்குனேன், கொஞ்சம் ஏறுச்சு. வண்டி ஆறுனப்பறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி நல்லா இருக்கு."

இவர் முகம் மாறிவிட்டது. எங்கள் மலையில் பிரேக் போவது வேறு விதம். செகண்ட் கியரில் இறங்காமல் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வருகிறவனுக்குச் சக்கரத்தை உரசி நிறுத்துகிற லைனிங் கருகும். பெடல் கல்லாக நிற்கும், ஜீப்பு மட்டும் நிற்காது. இங்கே எல்லாம் தலைகீழ். பெடல் கீழே போகிறது, எதுவும் கருகவில்லை. இரண்டு நாள் அந்தக் காரையே சுற்றி வந்தார். சக்கரத்தைக் கழற்றினார், மாட்டினார். மூன்றாம் நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "ஆயில் கொதிச்சிருக்கு" என்றார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். டிராக்கில் ஓட்டுகிறவன் வளைவுக்கு வளைவு முழு வேகத்திலிருந்து அமுக்கிப் பிடிக்கிறான். தட்டில் ஏறும் சூடு பக்கத்திலிருக்கும் பிரேக் ஆயிலுக்கும் ஏறுகிறது. ஆயில் கொதித்தால் உள்ளே குமிழி வரும். ஆயிலை நசுக்க முடியாது, அதனால்தான் காலின் பலம் சக்கரம் வரை போய்ச் சேருகிறது. குமிழியை நசுக்கலாம். அப்புறம் கால் நசுக்குவதெல்லாம் குமிழியைத்தான்.

அன்றே சூர்யா போன் போட்டுப் பாண்டித்துரையிடம் கொடுத்தான். அவர் நறுக்கென்று பேசுகிறவர்.

"காசிராஜன், புரட்டாசியில ரெண்டு நாள் போட்டி இருக்கு. சூர்யா வண்டி பிரேக்கால ஒரு சுத்துகூட இழக்கக் கூடாது. அப்படி ஓடிருச்சுன்னா அடுத்த மாசத்துலருந்து நாலு வண்டி பிரேக்கும் உங்க கையில. ஒரு சுத்து போச்சுன்னாலும் நான் வேற ஆள் பாத்துக்குவேன்."

போனை வைத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை நின்ற வாக்கில் குடித்தார். நான் இந்த முறை சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆயில் பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை. பிரேக் ஆயில் டாட் மூன்று, டாட் நான்கு என்று நம்பர் போட்டு வரும். என் கடையில் இருப்பது மூன்றாம் நம்பரும் நான்காம் நம்பரும். தேனியில் ஒரு கடைக்காரர் ஐந்தாம் நம்பரை எடுத்து நீட்டி, நம்பர் கூடக்கூட சூடு தாங்கும் என்று சொல்லியிருக்கிறார். இவரும் வாங்கத்தான் போனார். வாங்கும் முன்னால் பாட்டிலைத் திருப்பிப் படித்ததால் தப்பித்தார். அது சிலிக்கோனில் செய்த வேறு சாமானாம், மற்ற ஆயிலோடு சேராதாம், பெடல் மெத்தென்று ஆகிவிடுமாம். ஐந்து வேறு, மற்ற ஆயிலோடு சேருகிற ஐந்து புள்ளி ஒன்று வேறு என்று அன்று முழுக்க எனக்குப் பாடம் நடந்தது.

எந்த ஆயில் எவ்வளவு சூட்டில் கொதிக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வெறி வேறு பிடித்தது. ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரிலிருந்து சூடு பார்க்கும் கண்ணாடிக் குழாயைக் கேட்டு வாங்கி வந்தார். கொல்லையில் அடுப்பு மூட்டி, என் பால் சட்டியில் பிரேக் ஆயிலை ஊற்றினார். ஏலக்காய் ஐம்பது, அறுபது டிகிரியில் காய்கிற சாமான். அதற்குச் செய்த குழாய் எத்தனை தாங்கும்? பட்டென்று வெடித்தது. ஸ்டோர்க்காரருக்குப் புதுக் குழாய் வாங்கிக் கொடுத்தோம். என் பால் சட்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போனது, திரும்பி வரவில்லை. நான் இரண்டு நாள் பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

பிறகு ஒழுங்காக, கம்பெனிகள் அச்சடித்துத் தருகிற தாள்களைத் தேடிப் படித்து, கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் எழுதினார். ஒவ்வொரு ஆயிலுக்கும் இரண்டு எண்கள். ஒன்று, புதிதாகத் திறந்தவுடன் கொதிக்கும் சூடு. மற்றது, ஈரம் ஏறிய பிறகு கொதிக்கும் சூடு. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானாக இழுத்துக்கொள்ளுமாம். நான் விற்கும் நான்காம் நம்பர் புதிதில் இருநூற்று முப்பது டிகிரி, ஈரம் ஏறினால் நூற்று ஐம்பத்தைந்து. ரேஸுக்கென்று வருகிற ஒன்று புதிதில் முந்நூற்று இருபதைத் தாண்டுகிறது, ஈரம் ஏறினால் இருநூறுக்குக் கீழே விழுந்துவிடுகிறது. இன்னொன்று புதிதில் அவ்வளவு இல்லை, ஆனால் ஈரம் ஏறினாலும் அதிகம் இறங்குவதில்லை.

"எதண்ணே வாங்கலாம்?" என்றான் சூர்யா.

"எத்தன நாளைக்கு ஒருக்கா மாத்துவீங்க?"

"ஒவ்வொரு போட்டிக்கும் மாத்திரலாம்ணே."

"அப்ப நமக்குப் புது நம்பர்தான் கணக்கு. அந்த முந்நூத்தி இருபதத் தாண்டுறத வாங்கு. ஜீப்புக்குன்னா நான் ஈர நம்பரத்தான் பாப்பேன். இவிங்க ரெண்டு வருசமானாலும் மாத்த மாட்டாய்ங்க."

மூன்று பாட்டில்கள் வந்தன. ஒன்றரைப் பாட்டிலில் பழைய ஆயிலை வெளியே தள்ளிப் புதியதை நிரப்பினார். சூர்யா கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் எட்டு சுற்று ஓட்டிவிட்டு, பெடல் இறங்கவே இல்லை என்று போன் போட்டான். இவர் கடைத்தெருவுக்குப் போய் எனக்குப் பால்கோவா வாங்கி வந்தார். மிச்சம் இருந்த பாதி பாட்டிலை மூடி, வாயில் பாலிதீன் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு அலமாரியில் வைத்தேன். இனி நடந்ததில் என் பங்கு வருகிறது.

எங்கள் ரோட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஜீப்புக்கு ஒரு மடக்கு ஆயில் குறைந்து ஒருத்தர் வந்து நின்றால், அவருக்கு முழு பாட்டிலை விற்கிறது மரியாதை இல்லை. திறந்த பாட்டில் எது இருக்கிறதோ அதைக் கொடுப்போம். அவர் வேண்டியதை ஊற்றிக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தருவார். வழியில் இன்னொரு ஜீப்பு நின்றால் அதற்கும் அதிலிருந்தே போகும். ஒரு பாதி பாட்டில் பத்து ஜீப்பைப் பார்த்துவிட்டு வரும். அப்புறம், திறந்தது இருக்கும்போது புதியதை யாரும் திறக்க மாட்டோம்.

ஆவணியில் ஒரு காலை சின்ராசு வந்தான். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பு அவனுடையது. பின் சக்கரத்தில் ஆயில் கசிகிறது, மேலே போய் ஆளை இறக்கிவிட்டு வந்து வேலைக்கு விடுகிறேன் என்றான். இவர் தேனிக்குப் போயிருந்தார். உள்ளே பன்னிரண்டு பெண்கள் மடியில் சோற்று வாளியோடு உட்கார்ந்திருந்தார்கள். அலமாரியில் திறந்திருந்தது அந்த ஒரு பாட்டில்தான். எடுத்துக் கொடுத்தேன். அவன் சொன்ன மாதிரி அன்றைக்கு வரவில்லை, இரண்டரை வாரம் கழித்துத்தான் வந்தான். பாட்டிலைத் துண்டால் துடைத்து நீட்டினான்.

"ரெண்டு மடக்குத்தான்கா ஊத்துனேன். மேல ஒரே மஞ்சு, எதுர வர்ற வண்டி தெரியல. சீட்டுக்கடியிலயே பத்திரமா வச்சிருந்தேன்."

டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். பாட்டிலைப் பழைய இடத்தில் வைத்தேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. மறைத்தேன் என்று இல்லை, இதெல்லாம் சொல்கிற விஷயம் என்றே எங்கள் ரோட்டில் யாருக்கும் தோன்றாது.

போட்டிக்கு முந்தின வாரம் கார் மறுபடி எங்களிடம் வந்தது. சூடு அதிகம் ஏறுகிற முன் சக்கரம் இரண்டுக்கும் ஆயிலைப் புதுப்பித்தார். கை அலமாரிக்குத்தான் போனது. அந்தப் பாதி பாட்டிலை முடித்தார். மூன்றாவது பாட்டிலை சீல் உடைக்காமல் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு மாதமாக ஈரம் ஈரம் என்று என் காதைக் குடைந்தவர்தான், திறந்த பாட்டிலைப் பார்த்ததும் போடிக்காரராக ஆகிவிட்டார்.

போட்டி நாளான சனிக்கிழமை காலை கோயம்புத்தூர் டிராக்கில் இருந்தோம். கடையை மூடிவிட்டு நானும் கூடப் போயிருந்தேன், அவர் ஆசையை ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று. பத்தரைக்கு ஒவ்வொரு வண்டிக்கும் சுற்று நேரம் எடுப்பார்கள். அந்த நேரத்தை வைத்துத்தான் மத்தியானப் போட்டியில் யார் முன்னால் நிற்பது, யார் பின்னால் நிற்பது என்று முடிவாகும். பத்து மணிக்கு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வெயில் சுள்ளென்று இருந்தது.

"இங்க இந்தக் காய் காயுது. சின்ராசு இந்நேரம் மஞ்சுக்குள்ள கெடப்பான்" என்றேன். "நல்ல பய. அந்த பாட்டிலக்கூட தொடச்சுல்ல கொண்டாந்து குடுத்தான்."

"எந்த பாட்டில?"

சொன்னேன். அவர் கையிலிருந்த இட்லித் துண்டு தட்டுக்குத் திரும்பியது.

"எத்தன நாள் மேல இருந்துச்சு?"

"ரெண்டரை வாரம் இருக்கும்."

அவர் எழுந்து கை கழுவினார். மஞ்சு என்றால் ஈரம்தானே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவர் கையைப் பிடித்து, "சொல்லாதீங்க" என்றேன்.

"நாலு சுத்துதான ஓட்டப்போறாக? தாங்கும்ல?"

"தாங்கலாம்."

"அப்பறம் என்ன? மத்தியானத்துக்குள்ள மாத்திக்கிருவோம். யாருக்குத் தெரியப் போவுது?"

"தாங்கலாம்னுதான் சொன்னேன். தாங்கும்னு சொல்லல." என் கையை மெதுவாக எடுத்துவிட்டார். "அதுல கால் வைக்கப் போறது ராக்கையா மகன்."

நேராகப் பாண்டித்துரையிடம் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். சூர்யா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"சார், வண்டிய விட வேணாம். நான் ஊத்துன ஆயில் சரியில்ல."

பாண்டித்துரை கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன சரியில்ல?"

"தொறந்த பாட்டில். மலையில மஞ்சுக்குள்ள கெடந்துட்டு வந்துருக்கு. காஞ்ச ஏலக்காய மஞ்சுல தொறந்து போட்டா எப்புடி நமத்துப் போகுமோ, அப்புடி. எனக்குத் தெரியாம போச்சு. ஆனா தொறந்தத நான் தொட்டுருக்கவே கூடாது. தப்பு என்னோடது."

பாட்டிலைக் கொடுத்தது நான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

"மாத்த எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு மணி நேரம் சார். அவசரப்பட்டா உள்ள காத்து நின்னுரும்."

ஒரு மணி நேரம் என்றால் சுற்று நேரம் எடுப்பது முடிந்துவிடும். மத்தியானம் எல்லோருக்கும் பின்னால் நிற்க வேண்டியதுதான். போட்ட நிபந்தனையும் அதோடு முடிந்தது. அங்கே நின்ற நான்கு பேருக்கும் அது தெரியும். சூர்யா ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி ஒரு டயரின் மேல் உட்கார்ந்தான். பாண்டித்துரை, "மாத்துங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்கு மனது லேசாகியிருக்கும்.

பிரேக் ஆயில் மாற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்க, மற்றவர் சக்கரத்துப் பக்கம் படுத்து, ஆயில் வெளியேறும் திருகைத் திறந்து மூட வேண்டும். அங்கே இருந்த மெக்கானிக்குகள் அவரவர் வண்டியில் மும்முரமாக இருந்தார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வண்டி கவிழ்ந்தால் நசுங்காமலிருக்கக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டிருந்த இரும்புக் குழாய்களுக்கு இடையில் நுழைந்து உட்கார்ந்தேன். பக்கத்துக் குழுவின் கொட்டகையில் ஒருத்தன் போட்டோ எடுத்தான். எடுத்துவிட்டுப் போகட்டும்.

"அமுக்கு. பிடி. விடு."

மூன்றாவது பாட்டிலின் சீலை என் கண் முன்னால்தான் உடைத்தார். நான்கு சக்கரத்துக்கும் அதையே ஓட்டினார். கீழே ஒரு பாட்டிலில் பழையது இறங்கியது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். புதியதற்கும் அதற்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அந்த ஆயில் நாலு சுற்றுத் தாங்கியிருக்குமா, மாட்டாதா என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. மற்ற வண்டிகள் உறுமிக்கொண்டு போவதும் வருவதும் கேட்டபடியே இருந்தது. அவர் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

மத்தியானம் இரண்டரைக்குப் போட்டி. பதினான்கு வண்டிகள், எங்களுடையது பதினான்காவது. பத்து சுற்று. எல்லோரும் முன்னால் போகிற வண்டியைப் பார்த்தார்கள். இவர் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, முன்பு சூர்யா மணலுக்குள் போன அந்த ஒரு வளைவையே பார்த்தார். ஐந்தாவது சுற்றில் சூர்யா அங்கே மற்றவர்களைவிடப் பிந்திப் பிரேக் பிடித்தான். வண்டி மூக்கைக் குத்தி, அழகாகத் திரும்பி, ஒருத்தனைத் தாண்டிப் போனது. எட்டாவது சுற்றிலும் அதே மாதிரி. ஏழாவதாக முடித்தான்.

இறங்கி வந்தவன் நேராக இவரிடம் வந்தான். காலையில் இருந்த கோபம் முகத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"அண்ணே, மொத சுத்துல பெடல் எங்க நின்னுச்சோ, கடைசி சுத்துலயும் அங்கதாண்ணே நின்னுச்சு." கையுறையைக் கழற்றிக்கொண்டே, "காலைல மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். மனசுல வச்சுக்கிறாதீங்க" என்றான்.

இவர் அவன் தோளைத் தட்டிவிட்டு ஸ்பேனர்களைத் துடைத்துப் பையில் அடுக்க ஆரம்பித்தார். நிபந்தனை நிபந்தனைதான். ஒரு போட்டிக்காவது அவர் கை வேலை செய்ததே, அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போதவில்லை. ஆத்திரமாக வந்தது, அதுவும் என் மேலேயே.

பாண்டித்துரை வந்தார். பையைப் பார்த்தார்.

"கெளம்பிட்டீங்களா?"

"ஆமா சார். அஞ்சு மணி பஸ்ச புடிச்சா வெரசா ஊரு போய்ச் சேந்துரலாம்."

"மத்த மூணு வண்டியும் நாளைக்கு ஓடுது. காலைல நீங்க வந்து சொன்னதுலருந்து, ஒவ்வொரு மெக்கானிக்கா போய் அதுகள்ல இருக்கற ஆயில் எப்ப ஊத்துனதுன்னு கேட்டுட்டு இருக்கேன். நல்லாத்தான் இருக்குங்கறாங்க. எப்பன்னு ஒருத்தரும் சொல்லல." அவர் குரல் தணிந்தது. "என் வண்டியில என்ன ஓடுதுன்னு எனக்கே தெரியல, காசிராஜன். பைய வைங்க. நாலு வண்டியையும் நீங்களே பாத்துக்கங்க, இன்னிலருந்து."

இவர் நன்றி சொல்லவில்லை. கேட்டது இதுதான்:

"சீல் ஒடைக்காத பாட்டில் எத்தன சார் இருக்கு?"

"பன்னெண்டு."

"போதும்."

முதல் வண்டியின் சக்கரங்களைக் கழற்றினார். நான் உள்ளே ஏறி உட்கார்ந்தேன். அவர் சக்கரத்துப் பக்கம் படுப்பது தெரிந்தது. அமுக்கு என்ற குரலுக்காகக் காத்திருந்தேன், வரவில்லை. ஏதாவது உடைந்துவிட்டதோ என்று பயந்து கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். கையில் ஸ்பேனரோடு மல்லாந்து படுத்தபடி, ஆயில் துடைக்கிற அழுக்குத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியின் கறுப்பு கன்னமெல்லாம் அப்பியிருந்தது. நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, பெடலில் காலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.